கிளி இல்லாத சீட்டுக்கட்டு

ராஜம்மாள் ஆம்பூர்ச் சந்தையில் சாக்கை விரித்து உட்கார்ந்த முதல் நாள், பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு பேர் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கிளி எங்கே?

கிளியைப் பூனை கொண்டுபோய்விட்டது. அது அவளுடைய கிளியும் அல்ல. வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பக்கத்து அறையில் குடியிருந்த கிளி ஜோசியர் ராமமூர்த்தியின் கிளி. அது போன துக்கத்தில் அவர் ஊரைவிட்டே கிளம்பினார். கிளம்பும்போது இருபத்தேழு படச்சீட்டுகளையும் ராஜம்மாளிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய பித்தளைச் சொம்பை வாங்கிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாடுவதை இரண்டு வருஷம் கேட்டதில், எந்தப் படத்துக்கு எந்தப் பாட்டு என்று அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

அவளுக்கு வேறு வழியும் இல்லை. தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்து இடித்து, அந்தத் தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது. நாலு படி ஏறினால் இருமல் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்று வேண்டியிருந்தது. அக்கா கெங்கம்மாள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதனாலேயே அக்கா வீட்டில் சோறு இறங்குவது ராஜம்மாளுக்குச் சிரமமாக இருந்தது.

"கிளி இல்ல. சீட்டை நீங்களே எடுக்கலாம்" என்று அவள் சொன்னால், சந்தைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

"நானே எடுக்கறதுக்கு நீ எதுக்கு?"

"கிளிக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. உனக்குத் தெரியுமே."

"கிளி லீவுல போயிருக்கா? வந்ததும் சொல்லியனுப்பு."

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மூன்றாவது சந்தையிலிருந்து பதில் சொல்வதையே அவள் விட்டுவிட்டாள். சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து வைப்பாள். எடுப்பவர் எடுக்கட்டும், போகிறவர் போகட்டும்.

எதிரே தோல் மண்டி. அங்கே ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிக்கிறவர் கவுஸ் பாஷா. கண்ணால் பார்க்காமல், விரலை ஓட்டியே இது முதல் தரம், இது கத்தி பட்டது என்று சொல்லிவிடுவார். வேலை ஓய்ந்த நேரத்தில் வந்து அவள் பக்கத்தில் நிற்பார்.

"எங்களுக்கு இது ஆகாதும்மா. நான் ஜோசியம் பாக்க வரல, வேடிக்கை பாக்க வந்தேன்" என்பார்.

"பாருங்க பாய். வேடிக்கைக்குக் காசு கேக்கறதில்ல" என்பாள் அவள்.

அது ஐப்பசி மாதம், விடாத மழை. சீட்டு நனையக்கூடாது என்று கெங்கம்மாளின் புருஷன் ஷாப்பிலிருந்து கழிவுத் தோல் ஒன்று கொண்டுவந்து, வார் கோத்து, பை தைத்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். உப்பு ஜாடிக்கு மூடி முதல் கதவிடுக்குக்கு அடைப்பு வரை ஷாப்புக் கழிவுதான்.

அந்தப் பை வந்த பிறகுதான் அரிச்சந்திரன் வர ஆரம்பித்தான். சுடுகாட்டில் கோலோடு நிற்கிற படம், சீட்டுக்கட்டிலேயே ரொம்பக் கெட்ட சீட்டு. எண்ணெய் விற்கிறவர் ஒருவர் அதை எடுத்தார். அடுத்த வாரம் அவருடைய மாடு செத்துப்போயிற்று. அவ்வளவுதான், சந்தை முழுக்கப் பேச்சு. கிளி இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுடைய சீட்டு பேசுகிறது என்றார்கள். சிரித்தவர்களே வரிசையில் குந்தினார்கள். நெஞ்சு வலியும் முதுகு வலியுமாக ராஜம்மாள் நாள் முழுக்கப் பாடினாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை.

அந்த வரிசையில்தான் பெருமாளும் வந்தார். அதே லைனில் நாலு வீடு தள்ளி இருப்பவர். சுண்ணாம்புக் குழியில் பதினொரு வருஷம் தோல் புரட்டியதில் விரலிடுக்கெல்லாம் வெந்து, சோறு பிசையக்கூட முடியாத கை. தங்கவயலில் அவருடைய பங்காளி ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். வருகிற சனிக்கிழமைக்குள் போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பெருமாள் சீட்டை எடுத்தார். அரிச்சந்திரன்.

ராஜம்மாள் பாட்டைப் பாடினாள். ராமமூர்த்தி சொன்ன மாதிரியே, "வெளியூர்ப் பயணம் இப்ப வேணாம்" என்றாள். பெருமாள் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் குழியில் இறங்கிவிட்டார் என்று கெங்கம்மாள் வந்து சொன்னாள்.

புதன்கிழமை சந்தை இல்லாவிட்டாலும் அவள் சாக்கை விரித்திருந்தாள். சாயங்காலம் கவுஸ் பாஷா அதன் ஓரத்தில் குந்தினார்.

"இன்னாம்மா ராஜம்மா, நேத்து சந்தையில பதினாலு பேரு எடுத்தாங்க. பதினோரு பேருக்கு அதே சுடுகாடு. ஊர்ல அவ்ளோ பேருக்கா கெட்ட காலம்?"

அவளும் எண்ணித்தான் வைத்திருந்தாள்.

"கலைச்சு விரி" என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டு சீட்டுகளின் மேல் விரலை ஓட்டினார். ஒன்றை உருவினார். அரிச்சந்திரன். மறுபடி கலைத்தாள். மறுபடியும் அதே. மூன்றாவது தடவையும் அதே. பிறகு பையை வாங்கி உள்ளே தடவிப் பார்த்தார்.

"உப்பு சரியாக் கழுவாத தோலு. மழைக்குத் தண்ணி கக்குது. அடியில இருக்கற சீட்டு நனைஞ்சு வளைஞ்சிருக்கு. விரிச்சா அது ஒண்ணு மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது. கை தானா அங்க போவுது."

கட்டும்போது அரிச்சந்திரனை அடியில் வைப்பது அவள் வழக்கம். கெட்ட சீட்டு மேலே இருக்கவேண்டாம் என்று.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் பொழப்பு" என்று சொல்லிவிட்டு அவர் மண்டிக்குப் போய்விட்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். சீட்டைக் கல் வைத்து நேராக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. நம்பிக்கை வந்து இரண்டு சந்தைகூட முழுசாக ஆகவில்லை. வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். லைனுக்குள் நுழைந்தபோது, பெருமாள் வாசலில் உட்கார்ந்து கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து வந்தது உங்க சீட்டு இல்ல. சீட்டு வளைஞ்சிருந்துச்சு. நீங்க ஊருக்குப் போங்க."

பெருமாள் நிமிர்ந்து பார்த்தார். "பங்காளி வந்து உன்கிட்ட சொல்லச் சொன்னானா?"

"இல்லண்ணே."

"நேத்துப் போகாதேன்னே. இன்னைக்குப் போங்கறே. எதை நம்பறது?"

பலன் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை, சொன்ன பலன் தப்பு என்றால் அதையும் நம்பவில்லை. அவளுக்கு அப்படியே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் வாசலில் பையை அவிழ்த்து, சீட்டுகளைத் தரையில் விரித்தாள். லைனில் இருந்தவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக எடுக்கச் சொன்னாள். ஏழு பேர் எடுத்தார்கள். ஆறு பேர் கையில் அரிச்சந்திரன். வளைந்த சீட்டை அவளே தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு எல்லோரும்.

"கிளி இருந்தா இப்படி ஆகுமா?"

"எண்ணெய்க்காரர் மாட்டை இந்தத் தோல் பைதான் கொன்னுச்சா?"

பெருமாளும் சிரித்தார். சிரித்துவிட்டு உள்ளே போய், டிரங்குப் பெட்டியை இழுத்தார்.

அடுத்த நாள் முழுக்கச் சீட்டுக்கட்டு அம்மிக்கல்லுக்கு அடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பிய பெருமாள், பெட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"இப்ப நேராயிடுச்சில்ல? ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்."

அவள் தடவிப் பார்த்தாள். இருபத்தேழும் பலகை மாதிரி இருந்தன. விரித்தாள். பெருமாள் வெகு நேரம் யோசித்து ஒன்றை உருவினார். திருப்பப் போனவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"பாக்காதீங்கண்ணே. நல்ல சீட்டோ கெட்ட சீட்டோ, பாத்தா மறுபடி நின்னுடுவீங்க. உங்க சீட்டு, நீங்களே வெச்சுக்குங்க."

"நீயும் பாக்கலியா?"

"நானும் பாக்கல."

அவர் அதை மடியில் செருகிக்கொண்டு போனார்.

ரயில் போன பிறகு ராஜம்மாள் சீட்டுகளை வரிசையாக அடுக்கினாள். வேண்டாம் என்றுதான் நினைத்தாள், கை கேட்கவில்லை. இருபத்தாறு இருந்தன. அரிச்சந்திரன் இல்லை.

கெங்கம்மாளிடம் சொன்னாள். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "நேராத்தானே இருந்துச்சு?"

"நேராத்தான் இருந்துச்சுக்கா."

அன்று சாயங்காலம் கவுஸ் பாஷாவிடமும் கேட்டாள். "அவ்ளோ பேரு கை பட்ட சீட்டும்மா. ஓரம் மெத்துனு ஆயிருக்கும். கை அதைத்தான் தேடும்" என்றார். சொன்னாரே தவிர, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த சந்தையில் நாலு பேர்தான் சீட்டு எடுக்க வந்தார்கள். அதற்கடுத்ததற்கு இரண்டு. ராஜம்மாள் துணிப் பையோடு போய் உட்கார்ந்தாள். சந்தை இல்லாத நாளில் தெம்பு இருந்தால் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை பொறுக்கப் போனாள். தபால்காரர் லைனுக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

தை பிறந்து நாலாம் நாள் கார்டு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. இரண்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெருமாள் சுகம். சுரங்கத்துக்கு மேலே விறகு அடுக்குகிற வேலை. கை ஆறி வருகிறது. சீட்டைத் துணியில் வைத்துத் தைத்துத் தாயத்து மாதிரி கட்டியிருக்கிறார், பிரித்துப் பார்க்கவில்லை.

அவள் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தாள். கெங்கம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் கார்டை வாங்கி, மாடத்தில் மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த வாரச் சந்தையில், வேலூரிலிருந்து வந்த புது ஆள் ஒருவர் எதிரே குந்தி, சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இருபத்தாறுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க? கிளியும் காணோம்?"

"கிளி இல்ல. இன்னொண்ணு தங்கவயல்ல இருக்கு" என்றாள் ராஜம்மாள். இருமல் அடங்கக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சீட்டுகளை அவர் பக்கம் தள்ளினாள். "எடுங்க."