ஏசியின் முதுகுப்பக்கம்

நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடியும் நேரம் கேக்கின் மூன்றாவது அடுக்கைத் தூக்கி மேலே வைத்தேன். கையை எடுப்பதற்குள் ஒரு ஐசிங் ரோஜா மெல்லத் தலையைச் சாய்த்தது. "ஏய், எங்க போறாய்?" என்று ரோஜாவிடமே கேட்டு விரலால் நிமிர்த்தினேன். பக்கத்து ரோஜாவும் சாய்ந்தது. அப்போதுதான் என் முதுகில் வியர்வை ஓடுவது தெரிந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, காற்றும் வந்தது. குளிரைத்தான் காணோம்.

யா அல்லாஹ், இன்றைக்கா!

கற்பிட்டியில் பிறந்தநாள் கேக் எத்தனையோ வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறேன். கல்யாணக் கேக் இதுதான் முதல். அதுவும் என் மாமியாரின் தம்பி மகளுடைய கல்யாணம். அவர்கள் கொழும்பில் சொல்லிவைக்கத்தான் இருந்தார்கள். மாமிதான் நேரே போய், "என்ட மருமகள் செய்வா. பிழை வந்தா என்னைக் கேளுங்க" என்று பொறுப்பெடுத்து வந்தார். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்வதற்கு முன் கேக் மண்டபத்தில் நிற்க வேண்டும். அது சரிந்தால் ஊருக்குள் இனி யாரும் என்னிடம் கேக் கேட்கப் போவதில்லை, மாமியும் தம்பி வீட்டு வாசலில் தலைநிமிர்ந்து நிற்கப் போவதில்லை.

வீட்டில் நானும் மாமியும் மட்டும்தான். கணவர் குவைத்தில். ஐசிங் உருகுகிறது என்று ஃபோனில் நான் அழுத அழுகை தாங்காமல் அவர் வாங்கித் தந்த ஏசி அது.

ரிமோட்டைப் பார்த்தேன், பதினெட்டில் இருந்தது. நிறுத்திப் போட்டேன். பிறகும் அதே வெதுவெதுப்பு. கதிரையில் ஏறி மூடியைத் திறந்து வடிகட்டியை இழுத்தால், வெள்ளை வெளேர் என்று அப்பியிருக்கிறது ஐசிங் சீனித் தூள்! "பிடிச்சிட்டன், பிடிச்சிட்டன்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் குழாயில் கழுவினேன், துடைத்தேன், மாட்டினேன். காற்று இரண்டு மடங்கு வேகமாக வந்தது. இரண்டு மடங்கு வேகமாகச் சூடும் வந்தது.

ஏசி திருத்துகிறவருக்கு, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் அண்ணனுக்கு, ஃபோன் போட்டேன்.

"தங்கச்சி, நான் வண்ணாத்திவில்லுல வேலையில நிக்கிறன். நாளைக்குத்தான் வரலாம்."

"நாளைக்கு வந்து என்னத்தப் பாக்குறது நானா? உருகி ஓடினதையா?"

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவர், "சரி சரி, வெளிப்பெட்டியப் போய்ப் பாருங்க. காத்தாடி சுத்துதா, காத்து வெளியே போகுதா எண்டு பாருங்க" என்றார்.

வெளிப்பெட்டி குசினிக்குப் பின்னால், மாமியின் சமையல் ராச்சியத்தில் இருந்தது. அந்தப் பக்கம் நான் போய் ஒரு கிழமைக்கு மேலாகிறது. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடினேன். ஓடியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வெளிப்பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு கூடாரம் நின்றது. நீலப் பிளாஸ்டிக் படங்கை நாலு பக்கமும் இழுத்து, செங்கல் வைத்து, ஒரு சிறு காற்றும் தப்பாமல் மூடியிருந்தது. படங்கைத் தூக்கினேன். பாண் சுடும் போறணைக்குள் தலையை விட்ட சூடு முகத்தில் அடித்தது. உள்ளே கொடி கட்டி, வரிசை வரிசையாகத் தொங்கியது கட்டாக் கருவாடு.

"மாமீ! இதென்ன கருவாடு?"

மாமி குசினி வாசலில் வந்து நின்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. "பாத்தியா புள்ள? கிழமை முழுக்க வெயில் இல்ல. ஒன்ட ஏசிட பின்பக்கம் சும்மா சூடு போகுது. நான்தான் யோசிச்சுக் கட்டினன்."

ஃபோனுக்குள் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி, அந்தச் சூடு வெளியே போகோணும். போகாட்டி அதையே திரும்ப இழுத்து, மெஷின் சூடேறி நிண்டுரும். படங்கக் கழட்டுங்க. மெயின நிறுத்துங்க. ஆறினாப் பிறகு உப்புப் பிடிச்ச இடத்துல தண்ணிய மெல்லமாப் பாய்ச்சுங்க."

நான் மெயினை நிறுத்திவிட்டு வந்து படங்கைப் பிடித்து இழுத்த இழுப்பில் கொடியே அறுந்தது. "என்ட கேக்கு போச்சு, ஒங்களுக்குக் கருவாடு! இதுவும் ஒரு நாளா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

மாமி குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். "கத்தாத புள்ள. இது நான் திங்கிறத்துக்கு இல்ல. ஒன்ட மாப்பிள்ளைக்கு. பக்கத்து வீட்டுத் தம்பி இண்டைக்கு ராவு இஷா தொழுதிட்டு குவைத்துக்குப் போறான். ரெண்டு வருசமாக் கேக்குறான் என்ட மகன்."

கணவர் என்னிடமும் கேட்டிருந்தார். போன கிழமைகூட. நானும் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மாமி சுளகை எடுத்துவந்து வெளிப்பெட்டிக்கு வீசினார். "ஆறு வாப்பா, கெதியா ஆறு" என்று பிள்ளையைத் தாலாட்டுவதைப்போல அதனிடம் கதை வேறு. நான் திரைச்சீலைகளை எல்லாம் மூடிக் கேக்குக்குக் காவல் நின்றேன். "மீன் பெட்டில ஐஸ் கிடக்கு, கொண்டாரவா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "அந்த ஐஸ் கேக்குப் பக்கத்துல வந்தா நான் உம்மா வீட்டுக்குப் போயிருவன்!" என்றேன்.

ஆறியதும் தண்ணீர் பாய்ச்சினேன். உப்பும் மீன் செதிலுமாகக் கரைந்து ஓடியது. பிஸ்மி சொல்லி மெயினைப் போட்டேன். இருவரும் கேக் அறைக்குள் ஓடி ஏசிக்குக் கீழே முகத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மாமியின் முக்காடு அசைந்தது. "வருது புள்ள, வருது!" என்று அவர் என் கையைப் பிடித்து உலுக்கினார். ஜில்லென்று வந்தது! நான் மாமியைக் கட்டிப்பிடித்தேன். கருவாட்டு வாசம் குப்பென்று அடித்தது, விடவில்லை.

ரோஜாக்கள் இறுகின. சாய்ந்தவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். கேக் நிமிர்ந்து நின்றது. ஆனால் மாமி குசினியில் கருவாட்டுத் துண்டுகளை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இன்னும் ஈரம். வெளியே தூறத் தொடங்கியிருந்தது.

என் கேக் ஓவனுக்குள் ஒரு கோழியைக்கூட நான் வைக்க விட்டதில்லை. மாமி ஒருமுறை கேட்டு, நான் போட்ட சண்டை பக்கத்து வீடுவரை கேட்டது. அந்த ஓவனைத் திறந்து, மிகக் குறைந்த சூட்டில் வைத்து, "கொண்டாங்க" என்றேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெய்யாவா புள்ள?"

"கெதியாக் கொண்டாங்க மாமி, மனசு மாற முந்தி."

கேக் மஃரிபுக்கு முன் மண்டபம் போய்ச் சேர்ந்தது. மாமியின் தம்பி மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "கொழும்பில எடுத்ததா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமியைக் கைகாட்டினார். கருவாடு இஷாவுக்குப் பிறகு குவைத்துக்குப் புறப்பட்டது.

இரண்டு நாள் கழித்துக் கணவரின் குரல் பதிவு வந்தது. மாமி சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டார். "உம்மா, கருவாடு பொரிச்சம். நல்லா இரிக்கி. ஆனா அறையில எல்லாரும் கேக்குறானுகள், இதுல என்ன வெனிலா வாசம் அடிக்குது எண்டு?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமி சிரிக்கவே இல்லை. ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பதில் சொன்னார்.

"அது ஒன்ட பொஞ்சாதிட ஓவன்ல காஞ்ச கருவாடு மகன், வாசமாத்தான் இருக்கும். கேக்குக்கு ஊரே அவளத்தான் கேக்குது. அந்த ஏசி இனி அவளுக்கே வேணும். எனக்கு வேற ஒண்டு வாங்கித் தா. பின்பக்கம் மட்டும் போதும்."