பால் காய்ச்சின அன்று வந்த வரி

தொண்ணூறுகளின் நடுவில், கோட்டூர்புரத்தில் வீட்டு வசதி வாரியம் புதிதாகக் கட்டின வீடு ஒன்று எங்களுக்குக் குலுக்கலில் விழுந்தது. அதுவரைக்கும் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அங்கே எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே அடிபம்பு. குடத்தை வரிசையில் வைத்தாலும், வாய் இருக்கிறவளுக்குத்தான் முதல் குடம். எனக்கு வாய் கிடையாது. அதனால் கடைசிக் குடம் எப்போதும் என்னுடையது.

புது வீட்டில் சமையலறைக்குள்ளேயே குழாய். சாவி வாங்கின அன்று என் வீட்டுக்காரர் ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தார். நான் குழாயைத் திறந்து திறந்து மூடினேன்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாளே நாத்தனார் வந்துவிட்டார். வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தி.நகரில் வாங்கின ரெக்சின் விரிப்பு ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அச்சு அசலாக மொசைக் தரை மாதிரியே புள்ளி புள்ளியாக இருக்கும். வெறும் சிமெண்டுத் தரையில் விருந்தாளிகளை உட்கார வைத்தால் தம்பி மானம் போய்விடும் என்று சொல்லி, கூடம் முழுக்க விரித்து, ஓரமெல்லாம் பசை தடவி ஒட்டியும் விட்டார்.

மறுநாள் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, கைப்பையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரர் அவரை என் பக்கத்துச் சொந்தம் என்று நினைத்துக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். நான், வீட்டுக்காரரோடு அச்சாபீஸில் கூட வேலை பார்த்தவர் போலிருக்கிறது என்று நினைத்து, கதவுக்குப் பின்னாலிருந்தே கும்பிட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் இலை போட்டுச் சோறும் வைத்தாயிற்று. விசேஷ வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தவரை யார் என்று கேட்க முடியுமா?

அவரும் நன்றாகச் சாப்பிட்டார். ஜாங்கிரி இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அண்ணி எதிரில் உட்கார்ந்து விசிறிவிட்டபடி வீட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி வீடு வாடகைக்கு என்ன போகும் என்று வந்தவர் பாயசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா நைனா இப்டி கேட்டுட்ட. மொசைக்கு தரை, வூட்டுக்குள்ளயே தண்ணி. ரெண்டாயிரம் தரேன்னு இப்பவே வந்து கேட்டுகினு கீறாங்க" என்றார் அண்ணி.

யாரும் வந்து கேட்கவில்லை. வந்தவர் தலையை ஆட்டிவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, குடும்பம் நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போதுதான், அவர் உன் ஆளா, உங்க ஆளா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

அவர் வரி ஆபீஸ் ஆள் என்பது நோட்டீஸ் வந்த பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டைப் போலவே இருக்கிற பக்கத்து வீட்டுக்குப் போட்ட வரியைவிட எங்களுக்கு இரண்டு மடங்கு. தரை மொசைக், மாத வாடகை மதிப்பு இரண்டாயிரம் என்று போட்டிருந்தது. வீடு என்ன வாடகைக்குப் போகுமோ அதை வைத்துத்தான் வரி போடுவார்களாம், பக்கத்து வீட்டுக்காரர் விளக்கிச் சொன்னார்.

வீட்டுக்காரர் அப்போது அச்சாபீஸ் வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். வாரியத்துக்குத் தவணையும் கட்ட வேண்டும். நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு, "வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு பழைய எடத்துக்கே போயிடலாம்" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு அந்த அடிபம்பின் சத்தம் காதிலேயே இருந்தது.

அண்ணியிடம் சொன்னதற்கு அவருக்குத்தான் கோபம் வந்தது. சாப்பிட வந்தவன் சாம்பாரைப் பற்றிக் கேட்க வேண்டும், வாடகையை எதற்குக் கேட்கிறான் என்றார்.

வரி அதிகம் என்று வீட்டுக்காரர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். அதிகாரியே நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அன்றைக்கு மட்டும் வர வேண்டாம் என்று அண்ணிக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் விடியற்காலையிலேயே வந்துவிட்டார், இருக்கிறதிலேயே பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, கம்மலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு. கெடுத்தவளே சரி பண்ணுகிறேன் என்று விரிப்பை உரிக்கப் பார்த்தார். பசை காய்ந்து இறுகிவிட்டிருந்தது, அசையவில்லை.

நான் வாசலைக் கழுவிப் பெரிதாகக் கோலம் போட்டிருந்தேன். காபிக்குப் புது டம்ளர்களைத் துடைத்து வைத்திருந்தேன். ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எனக்கு வேறு எப்படி இருப்பது என்று தெரியாது. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி வந்தார். அவர் பின்னாலேயே எங்கள் விருந்தாளியும் வந்தார். காபி கொண்டுபோய் நீட்டினேன். ட்யூட்டியில் இருப்பதாக விருந்தாளி சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அண்ணி ஆரம்பித்தார். பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் நாற்றம் தாங்கவில்லை என்றார். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே தூக்கம் கலைகிறது என்றார். ராத்திரியில் கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது என்றார். அன்றைக்கு வீட்டைப் புகழ்ந்ததற்குக் கொஞ்சமும் குறையாமல் இன்றைக்கு இகழ்ந்தார். தண்ணீர் எப்படி என்று அதிகாரி கேட்டார்.

"எங்க சார் தண்ணி? குழா பேருக்கு கீது. தொறந்தா காத்துதான் வரும்."

காலையில் தண்ணீர் நின்றபோது நான் குழாயை மூட மறந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்தது. அடியில் இருந்த பித்தளைக் குடத்தில் தடதடவென்று விழுந்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போய் மூடினேன்.

அதிகாரி சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இத வாடகைக்கு விட்டா என்ன கேப்பீங்க?"

அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரர், இத்தனை நூறு என்று சொல்லச் சொல்லி விரல்களைக் காட்டினார். அண்ணி அதைவிட ஒரு விரல் குறைத்துக் காட்டினார். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"விடமாட்டேங்க" என்றேன்.

"ஒரு பேச்சுக்குச் சொல்லுங்கம்மா."

"பேச்சுக்குக்கூட விடமாட்டேங்க. தண்ணி நல்லாவே வருது."

வெளி ஆண் ஒருவரிடம் அவ்வளவு பேச்சு நான் அதுவரை பேசினதில்லை. வீட்டுக்காரர் நீட்டின விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

அண்ணிக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. விரிப்பின் ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தார். கையகலம் சிமெண்டையும் பெயர்த்துக்கொண்டு அது வந்தது. அதிகாரி குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு எங்கள் விருந்தாளியைப் பார்த்தார்.

"இதே தரையில உக்காந்து சாப்ட்டிருக்கீங்க. மொசைக்கா இல்லையான்னு தெரியலையா?"

"இலை போட்டிருந்தாங்க சார்" என்றார் அவர்.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போகும்போது என்னிடம் கேட்டு வாங்கிக் காபி குடித்தார்.

பக்கத்து வீட்டுக்கு என்ன வரியோ அதே வரி என்று பிறகு உத்தரவு வந்தது. பழைய இடத்துக்குப் போகும் பேச்சை வீட்டுக்காரர் எடுக்கவே இல்லை. பெயர்ந்த மூலையில் நாற்காலியைப் போட்டு மறைத்தோம். யார் வந்தாலும் அண்ணி அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்துகொள்வார். தான் வாதாடி வரியைக் குறைத்த கதையைச் சொல்வார். சொல்லச் சொல்ல, குறைந்த தொகை கூடிக்கொண்டே போனது. நான் உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக் குடம் நிறைகிறதைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.