ஃபுசாயேவின் தாழ்ப்பாள்

இசோபே சமையலறைத் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழாயின் கழுத்தில் ஒரு காலுறை முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. அதைத் தொட மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார், முடிச்சை மோந்துகூடப் பார்ப்பார். அடுப்பில் மிசோ சூப் பொங்கி வழிந்தாலும் கவனிக்க மாட்டார். "ஏதோ ஒரு தொல்லை இருந்திருக்கு. இல்லேன்னா கை இப்படிப் போகாது" என்று முணுமுணுப்பார். காலுறையைக் கட்டியவர் அவர் மனைவி ஃபுசாயே. அந்த அம்மாளுக்கு ஞாபகம் மங்க ஆரம்பித்து இது மூன்றாவது குளிர்காலம்.

நான் அவர்களுக்குக் கீழ்வீட்டுக்காரி. ஒசாகாவின் கிழக்கு ஓரத்தில், பட்டறைச் சத்தம் ஓயாத இந்தத் தெருவில், பழைய துணி திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாத்திரக் கம்பெனியில் வடிவமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற இசோபேவை இங்கே தெரியாதவர் கிடையாது. யாராவது சைக்கிளில் குடையைக் கட்டியிருந்தால் நின்றுவிடுவார். மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் வெங்காயத்தாள் வளர்த்தால் கதவைத் தட்டி, "அடியில ஓட்டை எதால போட்டீங்க?" என்று கேட்பார்.

"இசோபே குப்பை பாக்கக் கிளம்பிட்டாருடோய்!" என்று டோஃபு கடைக்காரர் கத்துவார்.

"உங்க கடை இருக்கும்போது நான் ஏன் தூரமாப் போகணும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நடப்பார்.

தன் வேலைக்கான யோசனைகளைத் தெருவில் பொறுக்கியதைவிட வீட்டில் பொறுக்கியதுதான் அதிகம். பானை மூடி கையைச் சுடுகிறதென்று ஃபுசாயே ஒருநாள் அதன் பிடிக்குள் பாட்டில் தக்கை ஒன்றைச் செருகி வைத்தார். அதைப் பார்த்து இவர் ஒரு மூடி வரைந்தார். மூடி நாடெங்கும் விற்றது, கம்பெனி இவருக்கு வெண்கலத்தில் கனமாக ஒரு பரிசு கொடுத்தது. "தக்கை என்னுது, பேரு உங்களுக்கா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்" என்று சொல்லி, அந்த அம்மாள் பரிசை ஊறுகாய் ஜாடிக்குப் பாரமாக வைத்துவிட்டார். முள்ளங்கி நன்றாகவே ஊறியது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

ஞாபகம் மங்கிய பிறகும் அந்த அம்மாளின் கை ஓயவில்லை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ஒருநாள் உள்ளாடைகளைச் சுற்றி வைத்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் திட்டிக்கொண்டே அவிழ்த்திருப்பார்கள். இசோபே பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்து பார்த்து, நாற்காலி தரையில் உரசும் ஓசைக்கு மனைவி நடுங்குகிறார் என்று கண்டுபிடித்தார். கம்பளித் துண்டு கேட்டு என் கடைக்கு ஓடி வந்தார். "கண்டுபிடிச்சுட்டேன் கீழ்வீட்டம்மா, கண்டுபிடிச்சுட்டேன்!" கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. செருப்பு குளிர்பெட்டிக்குள் போனதற்கும் காரணம் கிடைத்தது. அந்த அம்மாளுக்குப் பாதம் எரிகிறது.

உதவிக்கு வரும் மிசுகுச்சி என்ற பெண் நல்லவள், கண்டிப்பானவள். "ஐயா, இந்த நோயில இப்படித்தான் எதையாவது கட்டுவாங்க, அவுப்பாங்க. அர்த்தம் தேடித் தேடி நீங்க படுத்துடாதீங்க. முதியோர் இல்லத்துல ஒரு இடம் கேட்டு வைங்க" என்றாள்.

"அர்த்தம் இல்லேன்னா சேத்துடுறேன்மா. காரணத்தோட ஒண்ணு செய்யுற வரைக்கும் அவ உள்ள இருக்கா. ஆள் உள்ள இருக்கிறப்ப வீட்டை எப்படிக் காலி பண்றது?"

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு எரிச்சலும் வரும், அழுகையும் வரும். காலுறை கட்டிய குழாய்க்கு அவரால் கடைசிவரை காரணம் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் மாடியிலிருந்து கூப்பிட்டார். குரலில் பழைய துள்ளல். போய்ப் பார்த்தால், ஃபுசாயே படுக்கும் அறையின் இழுப்புக் கதவுக்கு வெளியே குப்புறப் படுத்து, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவு ஓடும் பள்ளத்தில் அந்த அம்மாள் உள்பக்கமாகக் குளியலறைத் தூரிகையின் காம்பைக் கிடத்தியிருந்தார். அதன் மேல் நூலில் கோத்த கரண்டிகள். கதவை யார் தொட்டாலும் கலகலவென்று சத்தம் வரும்.

"ஆணி இல்ல, திருகு இல்ல. பாருங்களேன் இவ மூளைய!"

"உள்ள விழுந்து கிழுந்து வெச்சா?"

"கதவையே தூக்கிக் கழட்டிடலாம். அதை விடுங்க. எதுக்குச் செஞ்சான்னு நீங்க கேளுங்க. நான் கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா."

என் குரல் கேட்டதும் கரண்டிகள் குலுங்கின. கதவு கொஞ்சம் திறந்தது. ஃபுசாயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்றிருந்தது.

"ஒரு கெழவன் வர்றாம்மா. எங்க வீட்டுக்காரரு கம்பெனிக்குப் போற நேரம் பாத்து வர்றான். அவரோட சட்டையவே எடுத்துப் போட்டுக்கிட்டு, அவரு எடத்துல உக்காந்துக்குறான்."

இசோபே எனக்குப் பின்னால்தான் நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டது. அங்கேயே தரை பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. அவரே கேட்டார், பக்கத்துத் தெருக்காரர் விசாரிப்பது போல.

"அந்தாளு உங்கள ஏதாச்சும் தொந்தரவு பண்றானாம்மா?"

"இல்லீங்க ஐயா. சோறு ஆக்கிக் குடுக்குறான். வாயைத் தொடைச்சு விடுறான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

நாற்பது வருஷத்துக்கும் மேலாக "ஏங்க" என்று அழைத்த வாய் அது. நான் இசோபேவின் தோளைத் தொடப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார். குனிந்து தூரிகைக் காம்பை எடுத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது குட்டையா இருக்கும்மா. ஒரு விரல் எடைவெளி விடுது. வெளியிலேருந்து குச்சி விட்டுத் தள்ளிடலாம்."

துணி உலர்த்தும் மூங்கில் ஒன்றைப் பின்கட்டிலிருந்து கொண்டுவந்தார். பள்ளத்தில் வைத்து அளந்தார், அறுத்தார், முனைகளை உப்புத்தாளால் தேய்த்தார். வழுக்காமலிருக்க இரு முனைக்கும் துணி சுற்றினார். அவர் மும்முரமாக வேலை செய்வதை ஃபுசாயே நல்ல தச்சரைப் பார்ப்பதுபோல் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அழுதேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

மூங்கிலை இரண்டு கைகளாலும் ஃபுசாயேவிடம் நீட்டினார். "இப்ப போட்டுப் பாருங்கம்மா."

கதவு மூடியது. உள்ளே மூங்கில் பள்ளத்தில் உட்காரும் ஓசை கேட்டது. இசோபே சட்டைக் கையை மடித்துவிட்டு, கதவின் விளிம்பில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, தன் பலமெல்லாம் கூட்டித் தள்ளினார். கதவு அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார்.