லுங்கிக் கட்டுக்குப் பின்னால் ஒரு குறட்டை

பாகூரில் அத்தாவுக்குத் துணிக்கடை. எழுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, லுங்கிக் கட்டுகளுக்குப் பின்னால் விழுந்து தூங்கிவிடுவேன். பள்ளியிலும் தூக்கம்தான். மூன்றாம் வகுப்பிலேயே இரண்டாம் வருடமும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்கு, படுத்தேன்.

ஒரு நாள் ஏம்பலத்திலிருந்து புடவை எடுக்க வந்த அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இன்னா பாய், உள்ள எதோ ஓடுது?"

பெண் குறட்டை விடுகிறாள் என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று அத்தாவுக்குப் பயம். "தையல் மிஷின்மா," என்றார்.

"அப்டியா? அப்ப இந்த ரவிக்கையயும் தெச்சிக் குடுத்துடு."

அந்த நேரம் பார்த்து என் மூச்சு நின்றது. எனக்கு அது வழக்கம்.

"இன்னா, நின்னுபோச்சி?"

"கரண்டு போச்சிமா."

தலைக்கு மேல் மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லுங்கி வாங்க வந்திருந்த ஆஸ்பத்திரி டாக்டர் விசிறியைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். அதற்குள் நான் 'க்ஹர்ர்' என்று திமிறி மூச்சை இழுக்க, கட்டுகள் சரிந்தன. டாக்டர் என்னை எழுப்பி வாயைத் திறந்து பார்த்தார்.

"டான்சில் வீங்கித் தொண்டைய அடைச்சிருக்கு. மூக்குக்குப் பின்னாலயும் சதை இருக்கும். தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வருது. இப்டியே வுட்டா வளத்தி கொறையும், படிப்பு ஏறாது, இதயத்துக்கும் கெடுதி. பொண்ணு மக்கு இல்ல பாய், தூக்கம் பத்தல."

"பத்தலியா? நாள் பூரா தூங்கறாளே டாக்டர்!"

புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. குறட்டை நின்றது, அம்மாவின் தூக்கமும் நின்றது. வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்து அவள் பார்த்ததில்லை. என் மூக்கடியில் விரல் வைப்பாள், திருப்தியில்லாமல் கிள்ளுவாள்.

"இருக்கியாடி?"

"இருக்கேம்மா."

இதனால் வகுப்பில் பழையபடி தூங்கினேன். டாக்டர் அம்மாவைத் திட்டிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன். கணக்கு புரிந்தது, புரிந்ததும் அது எவ்வளவு அலுப்பானது என்பதும் தெரிந்தது. வாயால் மூச்சுவிட்டே துருத்திக்கொண்ட மேல்வரிசைப் பற்கள் மட்டும் திரும்பி உள்ளே போகவில்லை. இன்றும் போட்டோவில் உதட்டைப் பூட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

உயரமோ கிடுகிடுவென்று ஏறியது. ரம்ஜானுக்குத் தைத்த பாவாடை பக்ரீத்துக்கு முழங்காலுக்கு வந்துவிட்டது. அத்தா துணியைக் கிழித்தபடி முணுமுணுத்தார்: "தொண்டையில இன்னாத்த எடுத்தாரோ அந்த டாக்டரு, என் கடையே இவளுக்குப் பத்தாது போலக்குது."