ராதிகாவின் கூடாரத்துக்குக் கால்கள்

பட்டு நூலின் ஒற்றை இழை, அறுத்த குழாயின் விளிம்பில் மெதுவாக ஓடியது. பாதிச் சுற்றில் சிக்கியது. விரல்கள் இழையை விடுவித்தன. அரத்தை எடுத்து அந்த இடத்தை மட்டும் நாலு முறை தேய்த்தன. மறுபடி இழையை ஓட்டின. கண்ணுக்குத் தெரியாத பிசிறு இழைக்குத் தெரிந்துவிடும். இழை சிக்கும் இடத்தில் கூடாரத் துணியும் கிழியும்.

குழாய்கள் பழைய டிவி ஆன்டெனாவிலிருந்து வந்தவை. காயலான் கடையில் தேடி எடுத்தவை. உடைந்த குடைகளின் தண்டு அவற்றுக்குள் கச்சிதமாக நுழைந்தது. இரண்டு துண்டுகளைச் சேர்க்க அதுவே மூட்டு. தரையில் வழுக்காமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் ஊன்றுகோல் ரப்பர்.

செய்துகொண்டிருந்தவள் ஸ்வர்ணலதா. வயது நாற்பத்தைந்து. ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி இன்னொரு நெசவுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனவள். பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை அவளும் ராதிகாவும் ஒரே பெஞ்சு. அதன்பின் ராதிகா மேலே படித்து போளூரில் டீச்சரானாள். இவள் தறிக்கு வந்தாள்.

ராதிகா வாங்கிய பழைய கூடாரத்தில் துணி நன்றாக இருந்தது, கம்பிகள்தான் இல்லை. ஜவ்வாது மலையில் ஓர் இரவு தங்கப் போவதாகச் சொல்லி, துணியைக் கொண்டுவந்து போட்டாள்.

"தெருவுல பாவு கட்டுற கைக்கு இதெல்லாம் ஜுஜுபிடி."

கூடாரம் இரண்டு பேர் படுக்கக்கூடியது. இன்னொருவர் யார் என்று ராதிகா சொல்லவில்லை, ஸ்வர்ணலதாவும் கேட்கவில்லை. அந்த மலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் இருவரும் பேசிக்கொண்டது அவளுக்கு நினைவிருந்தது. படவேட்டுக் கோயிலுக்கு வீட்டாரோடு நாலைந்து முறை போயிருக்கிறாள். மலை அங்கே எட்டித் தொடும் தூரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பிவிடுவார்கள். இப்போது கூடாரத்தின் உச்சியில் நீளவாக்கில் வரும் குழாயை அளக்கத் தரையில் படுத்தபோது, பக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் படுத்தாள்.

வடிவத்துக்கு அவள் யோசிக்கவே இல்லை. தறியில் ஏற்றுவதற்கு முன் காலையில் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டும்போது, இரண்டு கழிகளைப் பெருக்கல் குறி போல நிறுத்தி அதன்மேல் தாங்குவார்கள். முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. இதற்கும் அப்படியே செய்தாள். மொட்டை மாடியில் நிறுத்தி, இரண்டு முனைகளையும் செங்கல்லில் கட்டி, தட்டிப் பார்த்தாள். பாவு போல விறைப்பாக நின்றது.

ஆடிக் காற்று பக்கவாட்டில் ஒரு முறை அடித்தது. கூடாரம் அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டது.

துணி காயப்போட வந்த கணவன் தனசேகரன் பார்த்துக்கொண்டு நின்றான். "தெருவுல ரெண்டு பக்கமும் வூடு இருக்குது, காத்து வராது. மலையில யாரு வூடு கட்டி வச்சிகினு இருக்காங்க?"

அவன் சொன்னது சரி. முப்பது வருஷம் பாவு கட்டிய கைக்கு, பக்கத்திலிருந்தும் காற்று வரும் என்று தோன்றவில்லை. கால்களின் உச்சியில் இரண்டு பக்கமும் வளையம் வைத்தாள், நாலு கயிறு சேர்த்தாள். இரண்டு நாள் காற்றில் விட்டாள். நின்றது. மூன்றாம் நாள் மாலை உள்ளே போய்ப் படுத்தாள். வாசல் வழியே மேற்கில் மலை நீலமாகத் தெரிந்தது. தனசேகரன் குனிந்து, நீயும் போகிறாயா என்று கேட்டான். கூப்பிடவில்லை என்றாள்.

சனிக்கிழமை ராதிகா வந்தாள். மாடியில் தானே ஒரு தடவை கட்டிப் பார்த்தாள், உள்ளே புகுந்து கால் நீட்டினாள். பள்ளிக்கூட டீச்சர்கள் பத்துப் பேர் வேனில் போகிறார்களாம். இவளோடு படுக்கப்போவது ஹெச்.எம். அந்த அம்மாள் குறட்டை விடுவார்களாம். ஸ்வர்ணலதாவும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"நாம ரெண்டு பேரும் எப்போடி போறது?"

"உனக்கு எங்கடி லீவு? தறிய உட்டு நீ எங்க வரப்போற?"

"நீ கேட்டியா?"

ராதிகா எழுந்து உட்கார்ந்தாள். வேனில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தது போலிருந்தது, சொல்லவில்லை.

"இல்லடி," என்றாள். "கேக்கல."

இருவரும் சேர்ந்தே கயிறுகளை அவிழ்த்தார்கள். ஸ்வர்ணலதா குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குடைத்துணியில் தைத்த நீளப் பையில் போட்டு வாய்க்கயிற்றை இழுத்தாள்.

"போனதும் காத்து எந்தப் பக்கம்னு பாரு. அந்தப் பக்கத்துக் கயித்த மொதல்ல கட்டு."

சொல்லிவிட்டுப் பையை நீட்டினாள். ராதிகா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.