பெடல் காலைத் தள்ளியது

மழை விட்டதும் எங்கள் மரக்காணத்தில் கார் வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்வார்கள். மெக்கானிக் ஷாப்பில் கழித்துப்போட்ட பழைய இன்ஜின் ஆயிலை வாங்கிவந்து வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் பூசுவார்கள். உப்பளக் காற்றில் தகடு துருப்பிடிக்காமல் இருக்க அதுதான் வழி. நான் ஒரு படி மேலே போய்ச் சக்கரத்தின் உள்பக்கமும் தாராளமாகப் பூசுவேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பதினாறு வருடக் கார். பிரேக் போட்டால் சக்கரம் சிக்கி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்று கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் மனைவிக்கு வானூரில் ஆபீஸ் வேலை, பஸ் மாறிப் போக வேண்டும். அந்த அலைச்சல் தீரத்தான் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தாள். போன வருடம் ஒருநாள் மெதுவாக வந்து வீட்டு முன்னால் நிறுத்தும்போது, கார் நிற்காமல் போய் கேட்டில் இடித்தது.

"பிரேக்கைத்தாங்க மிதிச்சேன். பெடல் கடகடன்னு என் காலைத் தள்ளுச்சு."

"பெடல் உன்னைத் தள்ளுச்சா? நல்ல கதையா இருக்குதே!"

டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்திருப்பாள் என்று நானே முடிவு கட்டினேன். அதோடாவது விட்டேனா? டீக்கடையில், அவள் தம்பி கல்யாணப் பந்தியில், போன இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தேன். அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

போன மாதம் உப்பு லாரி ஒன்றின் பின்னால் மெல்ல நிறுத்தப்போய் நானே இடித்தேன். அவள் இடித்தபோது கால் தப்பு, நான் இடித்தபோது பிரேக் தப்பு. பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். கேட்டில் இடித்த பிறகு அன்றுதான் அதில் உட்கார்ந்தாள். அந்தக் காற்றை வெளியேற்ற நான் கீழே படுத்து "மிதி", "பிடிச்சுக்கோ", "விடு" என்று சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பிரேக் ஆயில் டியூப் வழியாகப் பாட்டிலில் இறங்கியது. நான்கு சக்கரத்திலும் ஒரு குமிழிகூட வரவில்லை. கடைசியில் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

அவர் வந்ததும் அவளிடம்தான் கேட்டார்.

"அண்ணி, ஓட்டும்போது பெடல் எப்படி இருந்துச்சு?"

"காலைத் தள்ளுச்சு. கடகடன்னு. வண்டி அதுபாட்டுக்குப் போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணே, இதை முன்னாடியே சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை."

முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரம் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார் மேல் கறுப்பாக ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது: நான் பூசிய ஆயில், அதில் ஒட்டிய இரும்புத்தூள், மண். சென்சார் கண்ணை மூடிக்கொண்டால், சக்கரம் சிக்கி நின்றுவிட்டதாக நினைத்து ஏபிஎஸ் தானே பிரேக்கை விட்டுவிடுமாம். அப்போது பெடல் உதறுமாம். துடைத்து மாட்டி ஓட்டிப் பார்த்தோம். சொன்ன இடத்தில் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது.

சாவியை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"பிரேக் சரியாயிடுச்சு. பந்தியில சிரிச்சாங்களே, அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"

திங்கட்கிழமையும் பஸ்ஸுக்குத்தான் போனாள். நான் டீக்கடைக்குப் போய், ஆயில் பூசியதிலிருந்து சென்சார்வரை ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் சரிங்க. அன்னிக்கு உங்க வீட்ல ஆக்சிலேட்டரத்தான மிதிச்சாங்க?"

இன்னொரு டீ சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.