அத்திம்பேர் பேசிய ஒரே வாக்கியம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் உங்களைச் சந்திக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். பதறாதீர்கள் — படுக்கையில் அல்ல, படுக்கைக்குப் பக்கத்தில்!

படுத்திருந்தவர் என் அத்திம்பேர். அக்காவின் கணவர், சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் கிழக்கேகோட்டை முழுக்கத் தேடினாலும் இப்படி வாய் திறக்காத மனிதர் கிடைக்கமாட்டார். இலையில் உப்பு இல்லையென்றால் விரலைக் காட்டுவார். மற்ற எதற்கும் 'ம்'.

ஊரை ஆட்டிவைத்த இன்ஃப்ளூயன்ஸா அவரையும் பிடித்து, நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகிவிட்டது. அப்படி மூச்சு இரைத்தது. மலையாளி டாக்டர் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவரச் சொல்லி, மூக்கில் ரப்பர் குழாயைச் செருகினார். சிலருக்கு இது கேட்கும், சிலருக்குக் கேட்காது, கேட்காவிட்டால் தன் கையில் வேறொன்றும் இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அக்கா தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கேட்கிறதா இல்லையா... எப்படித் தெரிந்துகொள்வது? நகத்தில் நீலம் மறைய வேண்டுமாம். ஒழுகுகிற பௌண்டன் பேனாவோடு குடித்தனம் நடத்தும் குமாஸ்தாவுக்கு நகம் என்றைக்கு நீலமில்லாமல் இருந்தது? சரி, உதடு? அதில் வெற்றிலைக் காவி. டாக்டர் பெருமூச்சு விட்டார். அந்த அறையில் அவரால்தான் அது முடிந்தது.

பிறகு கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார்.

"மூச்சு குறைஞ்சிருக்கு. தேறிக் குறையுதா, தளர்ந்து குறையுதான்னு தெரியணும். நடுவில நிக்காம ஒரு வாக்கியம் பேசட்டும், கேட்டோ."

வாக்கியமா? இவரா?

"இவர் நன்னா இருக்கச்சயே பேசினதில்லையே, டாக்டர்," என்று அக்கா அழ ஆரம்பித்தாள்.

நான் என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் 'ம்'. அது தேறின 'ம்'மா, தளர்ந்த 'ம்'மா? யார் கண்டது?

கடைசியில் ஒரு யோசனை வந்தது. டாக்டரிடம் சொல்கிற மாதிரி, அத்திம்பேர் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்:

"அக்கா கல்யாணத்துல எங்காத்துல நாலு தினுசு பிரதமன் பாயசம் போட்டோம், டாக்டர்."

அத்திம்பேரின் கண் திறந்தது.

"நாலா, ஒரே உருளி அடைப் பிரதமன்ல பந்திக்குப் பந்தி வெந்நீரை விட்டு, கடைசிப் பந்தில உக்காந்த எங்க சித்தப்பாவுக்கு ரெண்டே ரெண்டு அரிசி அடைத் துண்டு மிதக்கற வெல்லத் தண்ணிய ஊத்திட்டு, இன்னிக்கு வந்து நாலுன்னு சொல்றயேடா!"

எங்கும் நிற்கவில்லை. ஒரே மூச்சு!

பிறந்த வீட்டை ஒரு சொல் சொன்னால் மூன்று நாள் முகம் கொடுக்காதவள் என் அக்கா. அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லுங்கோன்னா," என்றாள்.

டாக்டருக்குப் பரம திருப்தி. சிலிண்டரை எடுக்கிறவரை காலையும் மாலையும் இதே மாதிரி பேச வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அத்தனை வேளைக்குக் குறைகளுக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டதுதான் மிச்சம்.

நேற்று அத்திம்பேர் வீடு திரும்பிவிட்டார். சிலிண்டர் தீர்ந்துவிட்டது... எங்கள் வீட்டைப் பற்றிய குறைகள்தான் இன்னும் பாக்கி!